எந்தப் பட்டணத்தில் குடியிருப்பது?

நமது நடுத்தரக் குடும்பங்களில் இக்காலத்தில் அடிக்கடி கூடும் ஒரு மகாநாட்டைப் பற்றி நேயர்களுக்கு நாம் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கோ பெண்ணுக்கோ அமெரிக்காவில் உத்தியோகம் கிடைக்கிறது. கம்பெனிக்காரர்கள் இரண்டு மூன்று பட்டணங்களின் பெயரைச் சொல்லி, "எங்கே இருக்கப் பிரியம்?" என்று கேட்கிறார்கள். உடனே வீட்டில் விவாதம் ஆரம்பமாகிவிடுகிறது. ஒருவர் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார். இன்னொருவர் வாடகையைப் பற்றி. மூன்றாமவர் பனியைப் பற்றி. கோயில் எத்தனை மைல் தூரம் என்று பாட்டியார் விசாரிக்கிறார்.

இந்த விசாரணைகளெல்லாம் அவசியமானவையே. ஆனால் ஒரு முக்கியமான கேள்வி மாத்திரம் பெரும்பாலும் எழுவதே இல்லை. உத்தியோகம் பார்ப்பவர் காலையில் புறப்பட்டுப் போய்விடுவார். அதற்கு அப்புறம் அந்தப் பட்டணத்தில் வாழப்போகிறவர்கள் யார்? வேலை செய்ய அனுமதியின்றி உடன் சென்ற துணைவர், பள்ளிக்கூடத்துக்குப் போகும் குழந்தை, ஆறு மாதத்துக்கு என்று விமானம் ஏறி வந்த தாய் தகப்பனார் - இவர்கள்தானே? இவர்களில் பலருக்கு அந்நாட்டில் மோட்டார் ஓட்டும் வழக்கம் இல்லை. ஆகவே, ஒரு பட்டணத்தைச் சம்பாதிப்பவரின் கண்ணால் பார்ப்பது ஒரு விதம். பகற்பொழுதில் வீட்டில் தங்குகிறவரின் காலால் அளந்து பார்ப்பது மற்றொரு விதம். இந்த இரண்டாவது அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் பெரிய பட்டணங்கள் சிலவற்றைச் சுற்றி வருவோம்.

முதலில் மேற்குக் கரைக்குப் போவோம். ஏனெனில், நம்மவர்கள் அந்நாட்டில் வீடு தேடிய சரித்திரத்தில் மறக்கக் கூடாத ஓர் அத்தியாயம் அங்கேதான் நடந்தது. 1915-ம் வருஷம் வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர் தம் மனைவி கலாவுடனும் மூன்று புதல்வர்களுடனும் ஸான் பிரான்ஸிஸ்கோவில் வந்து இறங்கினார். பாரத விடுதலைக்காக அந்நகரில் 1913 முதல் பத்திரிகை நடத்தி வந்த 'கதர்' கட்சியில் அவருக்கு ஈடுபாடு உண்டு. (இது கைராட்டைக் கதர் அல்ல, கலகம் என்று பொருள்படும் சொல்.) விரிகுடாவின் எதிர்க்கரையிலுள்ள பெர்க்கிலி என்ற ஊரில் பகாய் ஒரு வீட்டை விலைக்கு வாங்கினார். சாமான்களுடன் குடும்பத்தோடு குடிபோன அன்று, அண்டை வீட்டார் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு, அவர்களை உள்ளே நுழையவே விடவில்லை! பணம் கொடுத்து வாங்கிய வீட்டை விட்டு அவர்கள் திரும்ப வேண்டியதாயிற்று.

பகாய் மனந்தளராமல் அமெரிக்கப் பிரஜா உரிமை பெற்றார். ஆனால் 1923-ம் வருஷம், முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தில் பணி புரிந்த பகத் சிங் திந்த் என்னும் சீக்கியரின் வழக்கில், அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. இந்தியர் 'வெள்ளையர்' அல்லர்; ஆதலால் பிரஜைகளாக ஆவதற்கு உரியவர் அல்லர் என்பதே அத்தீர்ப்பு. முன்னமே அவ்வுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. பகாயும் அதை இழந்தார். எந்த நாட்டுக்கும் பிரஜையாக இல்லாத அவமானம் தாங்காமல் 1928-ல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். 1946-ம் வருஷத்துச் சட்டந்தான் இந்தியருக்குப் பிரஜா உரிமையை மீண்டும் திறந்துவிட்டது. அதுவும் வருஷத்துக்கு நூறு பேர்தான் குடியேறலாம் என்ற கணக்குடன். 1965-ல் வந்த சட்டத்துக்குப் பிறகே வாசற்கதவு அகலத் திறந்தது. கலா பகாய் அம்மையார் அந்நாட்டிலேயே தங்கி, பிள்ளைகளை ஆளாக்கி, பிற்காலத்தில் வந்த இந்தியர்களுக்கெல்லாம் அன்னை போல் விளங்கி, 1983-ல் காலமானார். அவரை வீட்டில் நுழைய விடாத அதே பெர்க்கிலி நகரம், ஒரு தெருவுக்கு அவர் பெயரைச் சூட்ட 2020-ல் தீர்மானித்தது.

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டும் அல்ல என்பதையும், அண்டை அயலார் கதவைத் திறந்தால்தான் அது வீடாகும் என்பதையும் இந்த வரலாறு சொல்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஸான் பிரான்ஸிஸ்கோ அழகிய பட்டணம் என்பதில் சந்தேகமில்லை. கடலும் குன்றும் மூடுபனியும் சேர்ந்து கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. ஏறக்குறைய ஏழு மைல் நீளமும் ஏழு மைல் அகலமுமான சிறு நிலப்பரப்பு. டிராமும் பஸ்ஸும் எங்கும் உண்டு. 1906-ம் வருஷத்துப் பூகம்பத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு வேதாந்த சங்கத்தார் கட்டிய ஆலயம் அந்தப் பேரழிவுக்குத் தப்பி இன்றும் நிற்கிறது. ஆனால் தெருக்கள் சில இடங்களில் மலைப்படி போல் செங்குத்தாக ஏறுகின்றன. குதிரைகள் இழுக்க முடியாமல் திணறிய காரணத்தால்தான் 1873-ல் கம்பி வடத்தால் இழுக்கப்படும் வண்டிகள் அங்கே ஏற்பட்டன. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் குதிரைகளின் கட்சியைத்தான் சேருவார்கள்! தவிர, "ஸான் பிரான்ஸிஸ்கோவில் வேலை" என்று சொல்லிக்கொண்டு போகும் நம் பிள்ளைகளில் பலர் உண்மையில் குடியிருப்பது தெற்கேயும் கிழக்கேயும் உள்ள ஸன்னிவேல், ஸான் ஹோஸே, பிரீமாண்ட் முதலிய ஊர்களில்தான். வாடகையோ, கேட்பவர் மூச்சை நிறுத்திவிடும். ஆதலால் பட்டணத்தின் பெயரைக் கேட்டு மகிழ்ந்துவிடாமல், வீட்டின் விலாசத்தைக் கேட்பது நலம்.

தெற்கே லாஸ் ஏஞ்சல்ஸ். ஜனத்தொகையில் இரண்டாவது பட்டணம். 2020 கணக்குப்படி 39 லட்சம் பேர். பனி இல்லை, வெயிலும் இதமானது. ஒரு காலத்தில் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தண்டவாளத்தில் 'சிவப்பு வண்டி' என்ற மின்சார ரயில்கள் இந்தப் பிரதேசமெங்கும் ஓடின. மோட்டார் மோகத்தில் அவற்றைக் கைவிட்டார்கள். கடைசி வழித்தடம் 1961-ல் நின்றது. பிறகு தவற்றை உணர்ந்து 1990 முதல் திரும்பவும் ரயில் பாதை போட்டு வருகிறார்கள். இருந்தாலும் அங்கே மோட்டார் இல்லாதவர் தீவில் விடப்பட்டவரைப் போன்றவரே. 2025 ஜனவரியில் பற்றி எரிந்த பெருந்தீயில் பட்டணத்தின் ஓரப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் சாம்பலாயின. வெளியேறு என்ற உத்தரவு வரும்போது, வண்டி ஓட்டத் தெரியாமல் பகலில் தனியே வீட்டில் இருப்பவர் யாரைத் தேடி ஓடுவது?

டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டனுக்குப் போனால், நம் குடும்பங்களை இழுக்கும் காந்தம் எது என்று உடனே தெரிந்துவிடும். கொடுக்கும் வாடகைக்கு விசாலமான வீடு. மாகாண வருமான வரி கிடையாது. பக்கத்திலுள்ள பேர்லாண்ட் ஊரில் கோபுரத்துடன் மீனாட்சியம்மன் கோயில். இவ்வளவும் வாஸ்தவமே. ஆனால் நமது சென்னை மாநகராட்சியைப் போல் ஏறக்குறைய நாலு மடங்கு பரப்பில் 23 லட்சம் ஜனங்கள் பரவியிருக்கிறார்கள். கேட்டி நெடுஞ்சாலையில் சில இடங்களில் இருபதுக்கும் மேற்பட்ட வரிசைகளில் மோட்டார்கள் போகின்றன. ஆனால் பால் வாங்க நடந்து போகலாமென்றால் பல பேட்டைகளில் நடைபாதை திடீரென்று புல்லில் மறைந்துவிடுகிறது. கோயில் இருக்கிறது, அம்மனிடம் அழைத்துப் போகப் பிள்ளைக்குச் சனிக்கிழமை வர வேண்டும். 2017 ஆகஸ்டில் 'ஹார்வி' புயல் மழையில் பட்டணம் மூழ்கியதும், 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் மாகாணமெங்கும் மின்சாரம் நின்று இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டதும் மறக்கக்கூடியவை அல்ல.

இனி, கிழக்கே நியூயார்க். 88 லட்சம் ஜனங்கள். இரவு பகல் ஓயாத இரைச்சல். கையகல அறைக்குக் கண் பிதுங்கும் வாடகை. இப்படியெல்லாம் இருந்தும், நமது அளவுகோலின்படி இப்பட்டணம் மிக உயர்ந்து நிற்கிறது. 1904-ல் திறந்த சுரங்க ரயிலுக்கு இன்று 472 ஸ்டேஷன்கள். இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது. பட்டணத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் சொந்த மோட்டார் இல்லாதவை என்றால், அமெரிக்காவிலா என்று நேயர்கள் வியப்பார்கள். குவீன்ஸ் பகுதியில் பிளஷிங் என்னும் பேட்டையில், 1977 ஜூலை 4-ந் தேதி, அந்நாட்டின் சுதந்திர தினத்தன்று, கும்பாபிஷேகம் நடந்த மகா வல்லப கணபதி கோயில் ஒரு சாதாரணத் தெருவில், வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. சுரங்க ரயிலில் வந்து பஸ்ஸில் மாறியோ நடந்தோ போய்த் தரிசனம் செய்துவிட்டு, கீழே உணவுச் சாலையில் தோசை சாப்பிட்டுத் திரும்பலாம். யாருடைய தயவும் வேண்டாம். ஒரு குறை உண்டு: பழைய ஸ்டேஷன்கள் பலவற்றில் 'லிப்ட்' கிடையாது, படி ஏறித்தான் ஆக வேண்டும். வாடகையைச் சமாளிக்க முடிந்தவர்கள் இதைவிட நல்ல பட்டணத்தைத் தேட வேண்டியதில்லை.

சமாளிக்க முடியாதவர்கள் என்ன செய்வது? அவர்களுக்காகத்தான் சிக்காகோவைக் கடைசியில் வைத்தோம். 1893 செப்டம்பர் 11-ந் தேதி சுவாமி விவேகானந்தர் பேசிய கட்டடம் இன்று சித்திரக் கலாசாலையாக மிச்சிகன் வீதியில் நிற்கிறது. அந்த வீதியின் ஒரு பகுதிக்குச் சுவாமிகளின் பெயரைக் கௌரவமாகச் சூட்டியிருக்கிறார்கள். கடல் போன்ற ஏரி. அதன் கரையோரம் 18 மைல் நீளத்துக்கு யாரும் நடக்கலாம். வீடுகளின் மேல்மாடி உயரத்தில் ஓடும் ரயில் 1892 முதல் இருக்கிறது. வாடகை நியூயார்க்கையும் ஸான் பிரான்ஸிஸ்கோவையும் விட வெகு குறைவு. டெவன் வீதியில் நடந்தால் புடவைக் கடையும், மளிகைக் கடையும், மகாத்மா காந்தியின் பெயர்ப் பலகையும் வரவேற்கும். குளிர் மட்டும் கொடியது. 2019 ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டது.

ஆனால் சிக்காகோவின் உண்மையான பாடம் குளிரில் இல்லை, வெயிலில் இருக்கிறது. 1995 ஜூலையில் அங்கே 41 டிகிரி வெப்பம் தகித்தது. சில தினங்களில் எழுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். தனியே, கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு இருந்தவர்கள். எரிக் கிளினென்பர்க் என்ற சமூக சாஸ்திர ஆராய்ச்சியாளர், அடுத்தடுத்துள்ள இரண்டு பேட்டைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, 2002-ல் ஒரு நூல் வெளியிட்டார். வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல் என்பன அவை. இரண்டும் ஏழைப் பேட்டைகள். இரண்டிலும் தனித்து வாழும் கிழவர் கிழவியர் உண்டு. சூரியன் இரண்டையும் ஒன்றாகவே சுட்டது. ஆயினும் வடக்கில் இறந்தோர் விகிதம் தெற்கைப் போல் ஏறக்குறையப் பத்து மடங்கு! வடக்கிலே கறுப்பு இன மக்கள் வசித்தார்கள். தொழிற்சாலைகளும் கடைகளும் அவர்களைக் கைவிட்டு ஓடிப்போய், பாழ்மனைகள் பெருகி, தெருவில் இறங்க முதியவர்கள் அஞ்சினார்கள். தெற்கிலே மெக்ஸிகோ நாட்டிலிருந்து வந்தவர்களின் கடைத்தெரு ஜே ஜே என்றிருந்தது. கிழவர்கள் வெளியே வந்தார்கள். குளிர்ந்த கடையில் சற்று உட்கார்ந்தார்கள். உயிரைக் காத்தது கடைத்தெருவின் ஜனநடமாட்டம்.

ஒரே பட்டணத்தில், அருகருகே, இத்தனை வித்தியாசம்! அப்படியானால், "எந்தப் பட்டணம்?" என்ற கேள்வியைப் பாதியிலே நிறுத்திவிடக் கூடாது, "எந்தத் தெரு?" என்றும் கேட்க வேண்டும். பகாய் குடும்பத்துக்குக் கதவை அடைத்தது ஒரு தெரு. தெற்கு லாண்டேல் முதியவர்களைப் பிழைக்க வைத்தது இன்னொரு தெரு.

ஆகவே, மகாநாடு கூட்டும் குடும்பங்களுக்கு நமது யோசனை இதுதான். பணம் தாராளமாக இருந்தால் நியூயார்க். அளவோடு இருந்தால், கம்பளி உடுப்புக்குச் செலவழிக்கத் துணிந்து, சிக்காகோ. உத்தியோகம் வேறு பட்டணத்தில்தான் என்றாலும் பாதகமில்லை. வீடு பார்க்கும் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையெழுத்துப் போடாமல், வேலை நாளில் காலை பத்து மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பார்க்கட்டும். நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா? தெருவில் மனிதர் யாராவது தென்படுகிறார்களா? கால் மணி நேர நடையில் ஒரு கடையும், உட்கார ஒரு பெஞ்சும், பொதுப் புத்தகசாலையும் உண்டா? அந்நாட்டுப் பொதுப் புத்தகசாலைகளில் உள்ளே போய் உட்காரக் காசு கேட்பதில்லை. குளிரிலும் வெயிலிலும் முதியவருக்கு அதைப் போன்ற புகலிடம் வேறில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுகிறாரா என்பதையும் கவனிக்கட்டும். அப்படிப்பட்ட தெருவில் அறை ஒன்று குறைந்தாலும் சரி, அங்கேயே வீடு அமர்த்தச் சொல்லுங்கள்.