ஹப்பாவும் கூவாகமும்

வைட்ஃபீல்டு பெங்களூர் மாநகரத்தோடு சேர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் இங்கு வாழும் நம் தமிழ்க் குடும்பத்தினர் மெஜஸ்டிக் பக்கம் போவதை இன்றும் "டவுனுக்குப் போகிறோம்" என்றே சொல்லுகிறார்கள். 1882-ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலத்தை ஆங்கிலோ-இந்தியர் சங்கத்திற்கு அளித்தார். அச்சங்கத்தின் முதல்வராக விளங்கிய ஒயிட் என்பவரின் பெயரே ஊருக்கு வாய்த்தது. வெள்ளையர் தம்மவர் என்று பந்தியில் சேர்க்காமலும், இந்நாட்டார் தம்மவர் என்று திண்ணையில் உட்கார வைக்காமலும் இடைநின்ற ஒரு கூட்டத்தார், தமக்கென்று ஓரிடம் வேண்டும் என்று கேட்டுப் பெற்ற ஊர் இது. இச்செய்தியை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு.

சென்ற செயற்குழுக் கூட்டத்தில், பொங்கல் விழா மேடையில் திருநங்கையர் குழு ஒன்றின் கும்மியையும் ஒரு சிறு நாடகத்தையும் வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. மூத்த அன்பர் ஒருவர், "இவையெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்தது. குழந்தைகள் உட்காரும் இடத்தில் எதற்கு?" என்றார். முடிவு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்பர்பால் நமக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் மேல்நாட்டுப் பழக்கம் என்றாரே, அந்தச் சொல் மட்டும் உள்ளத்தில் முள்ளாகத் தைத்தது. இரண்டு விழாக்களை நாம் நேரில் கண்டிருக்கிறோம். ஒன்று இந்நகரத்தில் நடப்பது. மற்றொன்று நம் தென்னார்க்காட்டுச் சீமையில் நடப்பது. இரண்டையும் பற்றி நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறோம்.

ரெயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவனுக்குத் திருநங்கையர் புதியவர் அல்லர். பங்காருப்பேட்டையிலிருந்து வரும் வண்டியில் அந்தக் கைத்தட்டல் ஓசை கேட்டதும், அதுவரை அரசியல் பேசிக்கொண்டிருந்த கனவான்கள் சட்டென்று கண்ணை மூடித் தூங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். 2016-ஆம் ஆண்டில் முன்பதிவுப் படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டோடு மூன்றாவதாகவும் ஓர் இடம் வைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-இல் அவர்களை மூன்றாம் பாலினத்தவராக ஏற்று வழங்கிய தீர்ப்பின் பின்விளைவு அது. ஆயினும் நம் கவுண்டருக்கு அந்த மூன்றாம் இடத்தில் குறியிட்டு வந்த படிவங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருக்கும் இடத்தைக் கேட்டுப் பெறுவதற்கும் ஒரு துணிவு வேண்டியிருக்கிறது.

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி, தன்பாலீர்ப்பைக் குற்றமாக வைத்திருந்த 377-ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. அவ்வாண்டின் இறுதியில்தான் நாம் முதன்முதலாகப் பெங்களூரின் "ஹப்பா"வைக் காணச் சென்றோம். கன்னடத்தில் ஹப்பா என்றால் திருவிழா. 2008 ஜூனில் இந்நகரத்தில் முதல் ஊர்வலம் நடந்தது. பிற்காலத்தில் ஊர்வலத்திற்கு முன்னும் பின்னும் நாடகம், புத்தக வாசிப்பு, ஓவியக் காட்சி, நடனம் என்று பலவும் சேர்ந்து அது ஒரு முழு விழாவாகவே வளர்ந்துவிட்டது. பால்புதுமையினர் என்று இன்று தமிழில் வழங்குகிறார்களே, அவர்கள் எல்லாரும் கூடும் விழா.

சிட்டி ஸ்டேஷனில் இறங்கித் துளசித் தோட்டம் வரை நடந்தோம். அங்கிருந்து டவுன் ஹாலை நோக்கிக் கூட்டம் புறப்பட்டது. தமட்டை முழங்கியது. வானவில் நிறத்தில் கொடிகள் பறந்தன. இவையெல்லாம் பத்திரிகைப் படங்களில் எவரும் காணக்கூடியவையே. படத்தில் காணாத ஒன்றைச் சொல்லுகிறோம். கூட்டத்தின் நடுவே நம் காதில் விழுந்த மொழி பெரும்பாலும் தமிழ்! சேலத்துத் தமிழ், தர்மபுரித் தமிழ், வட ஆர்க்காட்டுத் தமிழ். நம்மைப்போலவே பிழைப்பைத் தேடி இவ்வூருக்கு வந்தவர்கள். ஒரு வேறுபாடு உண்டு. நாம் வீட்டாரின் வாழ்த்தோடு வந்தோம். அவர்களில் பலர் வீட்டாருக்குத் தெரியாமல் இரவு வண்டி ஏறி வந்தவர்கள்.

டவுன் ஹாலிலிருந்து சிறிது தூரத்தில் பழைய பேட்டைக்குள் தர்மராயர் கோயில் இருக்கிறது. சைத்ர மாதப் பௌர்ணமியன்று திகளர் குலத்து ஆடவர் ஒருவர் சேலையுடுத்தி, வளையணிந்து, திரௌபதியின் சக்தியாகக் கரகத்தைத் தலையில் ஏந்தி இரவு முழுதும் பேட்டைத் தெருக்களில் வலம் வருவார். தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று செல்வதும் மரபு. இந்தத் திகளர் முற்காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து இங்கே தோட்டப் பயிர் வளர்த்த மக்கள். நமக்கு முன்னே குடியேறிய நம்மவர் என்றே சொல்லலாம். கரகம் ஏந்துபவர் திருநங்கை அல்லர். இரண்டையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. பெண்ணுடை தரித்த ஆணைக் கண்டு கைகூப்பும் பழக்கம் இந்தப் பேட்டைக்குப் புதிதல்ல என்று மட்டும் சொல்லுகிறோம்.

இனிக் கூவாகத்திற்கு வருவோம். இரண்டாண்டுகளுக்கு முன் சித்திரைப் பௌர்ணமிக்கு நாமும் நம் இல்லத்தாரும் அங்கே போவதென்று முடிவு செய்தோம். செய்தி எப்படியோ பரவி, நம் தெருவிலேயே குடியிருக்கும் ஓர் அம்மையார் வந்து, "என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார். அவருடைய மகன் பதினேழாவது வயதில் வீட்டைவிட்டுப் போய்ப் பதினோராண்டுகள் ஆகியிருந்தன. போனதற்குக் காரணம் தெருவில் எல்லாருக்கும் தெரியும், எவரும் பேசுவதில்லை.

வைட்ஃபீல்டிலிருந்து ஜோலார்பேட்டை, அங்கிருந்து காட்பாடி, பின்பு வேலூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம். அந்தப் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்துக் கதைகளை மூத்த ஊழியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இப்பொழுது அகலப் பாதை. வெயில் மட்டும் அன்றுபோலவே இருக்கிறது. திருவண்ணாமலைக்குப் பிறகு ஒவ்வொரு நிலையத்திலும் கையில் பெட்டியும் கூந்தலில் மல்லிகையுமாகத் திருநங்கையர் ஏறிக்கொண்டே இருந்தனர். எவரும் கைதட்டிக் காசு கேட்கவில்லை. எல்லாரும் முறையாகப் பயணச்சீட்டு வாங்கித் திருவிழாவிற்குப் போகும் பயணிகள்.

விழுப்புரத்தில் விழாவிற்கு முந்திய நாட்களில் விடுதிகள் நிரம்பி வழிகின்றன. மேடையில் நடனம், அழகிப் போட்டி, கருத்தரங்கு. இவற்றை விரைவில் கடந்து ஊருக்குள் போவோம். கூவாகம் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துச் சிற்றூர். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. கோயில் கூத்தாண்டவருடையது. கூத்தாண்டவர் என்பவர் அருச்சுனன் மகன் அரவான். பாரதப் போரில் பாண்டவர் வெல்ல வேண்டிக் களப்பலியானவன். பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இக்களப்பலி பேசப்படுகிறது. பலியாகுமுன் ஓரிரவேனும் மணவாளனாக வாழ வேண்டும் என்று அவன் கேட்க, மறுநாள் சாகப்போகிறவனுக்கு எவரும் பெண் கொடுக்க முன்வராமையால், கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான் என்பது நாட்டுப்புறத்தார் கூறும் கதை.

அந்த மோகினியாகத் தம்மைக் கருதியே திருநங்கையர் அங்கே கூடுகின்றனர். பட்டுடுத்திப் பூச்சூடி வரிசையாக நின்று பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். நேர்ந்துகொண்ட ஊர் ஆடவர் சிலரும் அவ்வரிசையில் நின்று தாலி கட்டிக்கொள்வதைக் கண்டு நாம் வியந்தோம்; அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் எவரும் வியக்கவில்லை. இரவில் வயல்வெளியெங்கும் கற்பூரக் குவியல்கள் எரிகின்றன. அவற்றைச் சுற்றிக் கும்மி. பம்பாயிலிருந்து வந்தவரும் பண்ருட்டியிலிருந்து வந்தவரும் ஒரே வட்டத்தில் அடியெடுத்து வைக்கிறார்கள். பாடுபவர் ஓரடி சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லுகின்றனர். ஆசிரியர் இல்லை, ஒத்திகை இல்லை. ஆண்டுக்கொரு முறை கூடுகிறவர்களுக்கு அடி தவறாமல் எப்படி வருகிறது என்று நம் இல்லத்தார் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் தேர். வைக்கோலும் மாலைகளும் கொண்டு உடலமைத்துத் தலை பொருத்திய அரவான் அழுகளத்தை நோக்கிச் செல்லுகிறான். பலி முடிந்ததும் தாலி அறுக்கப்படுகிறது, வளையல்கள் உடைபடுகின்றன. அத்தனை பேரும் மார்பிலடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். அது நாடகமா, சடங்கா, மெய்யான அழுகையா என்று பிரித்தறிய நம்மால் இயலவில்லை. பிறகு தலைமுழுகி வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு அமைதியாக ஊர் திரும்புகிறார்கள்.

நம்முடன் வந்த அம்மையார் முதல்நாள் மாலையிலிருந்தே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். இரவு பத்துமணி அளவில், வயதான திருநங்கை ஒருவர் அவரைக் கைப்பிடித்து நிறுத்தினார்.

"யாரம்மா தேடறீங்க? உக்காருங்க மொதல்ல. தண்ணி குடிங்க."

அம்மையார் மகனின் பெயரைச் சொன்னார்.

"அந்தப் பேரச் சொன்னா இங்க யாருக்கும் தெரியாதும்மா. இப்ப என்ன பேரு வெச்சிருக்குதோ. அடையாளம் சொல்லுங்க."

பெற்ற பிள்ளையின் பெயர் தமக்குத் தெரியாது என்பது அம்மையாருக்கு அப்பொழுதுதான் உறைத்தது. இடப்புருவத்தில் ஒரு தழும்பு என்றார். அந்த மூதாட்டி நாலைந்து பேரைக் கூப்பிட்டு விசாரித்தார். கிடைக்கவில்லை. தம் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து, "பெங்களூர்ல எங்க ஆளுங்க இருக்காங்க, சொல்லி வெக்கறேன்" என்றார். அன்றிரவு அம்மையார் உண்டது அவர்கள் கொடுத்த இட்லியைத்தான்.

இரண்டு விழாக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வேற்றுமையும் புலப்படுகிறது. கூவாகத்தில் கதை முன்னமே எழுதப்பட்டது. தாலியும் அழுகையும் ஒரே நாளில் முடிந்துவிடும். எஞ்சிய நாட்களுக்கு அங்கே விடையில்லை. ஆணை விரும்பும் ஆணுக்கும், பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் அங்கே தனியொரு பாத்திரமும் இல்லை. நகரத்து ஹப்பாவில் அவர்களுக்கும் மேடை உண்டு; கதையையும் அவரவரே எழுதிக்கொள்கிறார்கள். நம் கருத்தில் இதுதான் புதியது. விழா பழையது, பேனா கைமாறியது புதியது.

முன்பும் அவர்களைப்பற்றி எழுதாமல் இல்லை. தொல்காப்பியம் அவர்களை உயர்திணைக்குள் வைத்தே இலக்கணம் கூறுகிறது. மாதவி ஆடிய பதினோராடல்களுள் "பேடு" ஒன்று. வாணனுடைய நகரில் காமன் ஆடியது அது. அண்மைக் காலத்தில் சு. சமுத்திரம் "வாடாமல்லி" என்று ஒரு நாவலே எழுதினார். ஆனால் இவையெல்லாம் பிறர் பார்த்து எழுதியவை. நாமக்கல் பக்கத்தில் பிறந்து, நம் பெங்களூரிலேயே பல காலம் தொண்டு செய்த ரேவதி, முதலில் தம்மைப் போன்றோரின் வாழ்க்கைகளைக் கேட்டு "உணர்வும் உருவமும்" என்று தொகுத்தார். பின்பு தம் வாழ்க்கையை "வெள்ளை மொழி" என்று எழுதினார். அதனையே தனியொருவராக மேடையில் நடித்தும் காட்டுகிறார். லிவிங் ஸ்மைல் வித்யா தம் கதையை எழுதினார். அது கன்னடத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, "நானு அவனல்ல, அவளு" என்ற திரைப்படமாக 2015-இல் வெளிவந்தது. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது கிடைத்தது. 2021-இல் அவர் விபத்தில் மறைந்தபோது கன்னட நண்பர்கள் வருந்தியதை நாம் அறிவோம். தமிழ்ப்பெண் எழுதிய நூல் கர்நாடகத்திற்கு விருது தேடித் தந்த செய்தியை நம் சங்கத்தார் எத்தனைபேர் அறிவர்?

நடனத்திற்கு மதுரை நர்த்தகி நடராஜ் ஒருவரே போதும். தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பயின்றவர்; 2019-இல் பத்மஸ்ரீ பெற்றவர். இம்மாநிலத்து மஞ்சம்மா ஜோகதி, எல்லம்மன் பெயரால் ஆடும் ஜோகதி நடனத்தை மேடைக்குக் கொண்டுவந்து, கர்நாடக ஜானபத அகாடமியின் தலைவராகவும் இருந்து, 2021-இல் அதே விருதைப் பெற்றார். ஓவியத்திற்கும் இந்நகரமே சான்று. 2016-இல் இங்கே தொடங்கிய அரவாணி ஆர்ட் பிராஜெக்ட் என்ற குழுவில் திருநங்கையரும் மற்றப் பெண்களும் சேர்ந்து பொதுச் சுவர்களில் சித்திரம் தீட்டுகின்றனர். 2024-இல் இத்தாலி நாட்டு வெனிஸ் நகரத்து உலகக் கலைக் கண்காட்சியிலும் இவர்கள் கைவண்ணம் இடம்பெற்றது. பிச்சை எடுக்கும் கை என்று நாம் முகந்திருப்பிக்கொண்ட கைகளுள் இவையும் இருந்திருக்கலாம்.

பொங்கல் மேடை பற்றிய முடிவு செயற்குழுவின் கையில் இருக்கிறது. அதில் நாம் தலையிடவில்லை. "வெள்ளை மொழி"யின் பிரதியொன்றை நம் நூலகத்திற்கு வாங்கி அளித்திருக்கிறோம். இப்பொழுது அது அந்த அம்மையார் வீட்டில் இருக்கிறது. நான்காம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக்கூட்டிப் படித்து வருகிறார். தவணை கடந்துவிட்டது. அடுத்துக் கேட்டிருப்பவர்கள் சற்றுப் பொறுக்குமாறு நூலகர் தெரிவிக்கிறார்.

வரும் சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகம் செல்ல விரும்பும் குடும்பத்தினர் நம்மிடம் பெயர் கொடுக்கலாம். முன்பதிவை நாமே கவனித்துக்கொள்கிறோம். குடை, குடிநீர், ஒரு மாற்றுடை போதும். அங்குள்ளவர்களைக் கேளாமல் படம் எடுத்தலாகாது. இதுவரை ஐந்து பெயர்கள் வந்துள்ளன. முதற்பெயர் அம்மையாருடையது, இரண்டாவது, பல ஆண்டுகளாக அவருடன் இதுபற்றி ஒரு வார்த்தையும் பேசாதிருந்த அவருடைய கணவருடையது.