புறனடையும் பொறுப்பும்

தமிழ் இலக்கண நூலார் தாம் வகுத்த விதிகளுள் அடங்காதவற்றைப் புறந்தள்ளினாரல்லர்; இயல்களின் இறுதியிற் புறனடைச் சூத்திரம் அமைத்து அவற்றுக்கும் இடமளித்தனர். 1995 இல் வெளிவந்த ஜாவா என்னும் கணினி மொழியிலும் இயல்பான ஒழுங்கினின்று விலகுவனவற்றுக்கு ஓர் ஏற்பாடு உண்டு. கோப்பொன்று கிடைக்காதபோதோ, வலையமைப்புத் தொடர்பு அறுந்தபோதோ, செய்நிரலின் ஒரு பகுதி புறனடையொன்றை 'எறிகின்றது'. அப்பகுதியைப் பணிக்கு அழைத்த மேற்பகுதி அதனைப் 'பிடிக்கலாம்'.

பிடித்தபின் செய்யவேண்டுவது யாது என்பதிலேயே பலரும் இடறுகின்றனர். பரீட்சைப் புள்ளிகளைக் கோப்பிற் பதியும் செய்நிரலொன்றை எடுத்துக்கொள்வோம். வட்டு நிறைந்தமையாற் பதிவு தடைப்படுகின்றது. பிடிக்கும் பகுதியை எழுதியவர் வெறுமையாக விட்டிருப்பின், 'பதியப்பட்டது' என்ற செய்தியே திரையில் தோன்றும்; புள்ளிகளோ எங்கும் இரா. தவறு மறைந்ததேயன்றித் தீர்ந்திலது. அதன் சுமை ஒன்றுமறியாத மாணவன்மீது விழுகின்றது.

தன்னால் தீர்க்கவியலாத புறனடையை மேற்பகுதிக்கு மீள எறிதலே முறை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. புறனடை எவ்விடத்தில், எவ்வழைப்புகளினூடே பிறந்தது என்பதைக் காட்டும் அழைப்புத் தடம், அஃது எறியப்படும்போதன்று, ஆக்கப்படும்போதே பதிவாகின்றது. ஆதலாற் பிடித்ததையே மீள எறியின் தடம் அழியாது. அதன் செய்தியை மட்டும் எடுத்துப் புதியதொன்றை ஆக்கி எறியின், தடம் அப்புதிய வரியிலிருந்தே தொடங்கும், மூலகாரணம் மறைந்துவிடும்.

எனினும், புள்ளிகளைக் கையாளும் மேற்பகுதிக்கு வட்டின் நிலைபற்றிய செய்தி பொருந்தாதிருக்கலாம். 'புள்ளிகளைப் பதிய முடியவில்லை' என்னும் புதிய புறனடையே அங்கு வேண்டப்படுமாயின், பழையதை அதன் காரணமாக உள்ளே இணைத்து எறிதல் வேண்டும். இவ்வாறு காரணத்தை இணைக்கும் பொதுவசதி 2002 இல் வந்த 1.4 ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்டது.

ஒவ்வொரு நிலையிலும் பதிவேட்டில் எழுதிவிட்டு மீள எறிதலும் நன்றன்று. ஒரு தவறே பல தவறுகளாகத் தோன்றி ஆராய்வோரை மயக்கும். தீர்க்க வல்ல பகுதி புறனடையைப் பிடித்துத் தீர்க்கட்டும். ஏனையவை காரணம் சிதையாமல் அதனை மேலே கையளிக்கட்டும்.