காலண்டருக்குப் பின்னால்

அந்த அம்மா முதல்முறை என் அலுவலகத்துக்கு வந்தபோது நாற்காலியில் உட்காரவில்லை. "வேண்டாம் சார், நின்னுக்கிட்டே சொல்றேன்" என்றார். கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோடு பக்கத்தில் ஒரு மாடியறை அப்போது என் அலுவலகம். படியேறிய மூச்சிரைப்பு அடங்கவில்லை, ஆனாலும் உட்காரவில்லை. தன்னிடமிருந்து ஏதாவது என் நாற்காலியில் ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று பயந்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஐந்து மாதமாக எல்லோரும் அவரை அப்படித்தான் நடத்தியிருந்தார்கள்.

2014 பிப்ரவரிக் கடைசி. சிட்லபாக்கத்தில் முதல் மாடி வீடு, வாடகை 9,000, அட்வான்ஸ் 90,000. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சென்னை பத்து மாதம் வாங்கிக்கொண்டே இருந்தது. ஆகஸ்டில் குடிபோனவர்கள் பிப்ரவரியில் காலி செய்துவிட்டார்கள். ஒப்பந்தம் 11 மாதம், நடுவில் போனதால் அட்வான்ஸில் ஒரு காசு கிடையாது என்கிறார் வீட்டுக்காரர். இந்த மாதிரி வழக்கு வாரத்துக்கு ஒன்று வரும். ஏன் காலி செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அரிப்பு சார்."

மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அக்டோபரில் அவளுக்குத்தான் முதலில் வந்தது. இடுப்பிலும் கையிலும் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்பு. முதல் டாக்டர் வேர்க்குரு என்றார். ஐப்பசி மழையில் வேர்க்குருவா என்று கேட்க இவருக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாமவர் அலர்ஜி என்று சொல்லி முட்டை, கத்திரிக்காய், கருவாடு மூன்றையும் நிறுத்தினார். மூன்றாமவர் சொறி என்றார். கழுத்திலிருந்து கால்விரல் வரை வீட்டில் எல்லோரும் இரவில் பெர்மெத்ரின் களிம்பு பூச வேண்டும், துணிகளை வெந்நீரில் அலச வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். பூசினார்கள். இரண்டு நாள் அடங்கியது, மூன்றாம் நாள் திரும்ப வந்தது. பள்ளிக்கூடத்தில், குணமானதாகச் சான்றிதழ் வாங்கி வந்தால் போதும் என்று பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமியார் தன் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

இதில் ஒரு கொடுமை உண்டு. கணவருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் அவருக்கு இரவு ஷிப்ட். பகலில் வந்து கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார். அம்மாவும் மகளும் இரவில் படுக்கையறைக் கட்டிலில். "அவனுக்கு இல்லாதது உங்க ரெண்டு பேருக்கும் எங்கேர்ந்து வந்தது?" என்று மாமியார் கேட்ட கேள்வி, சட்டத்தின் கண்ணில் மிகச் சரியான கேள்வி. கேட்ட விதம்தான் தப்பு.

நான் கேட்டது வேறு. இந்த ஐந்து மாதத்தில் அந்த வீட்டை விட்டு எப்போதாவது வெளியே தங்கினீர்களா? பொங்கலுக்குச் செய்யாற்றில் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்திருக்கிறார்கள். நாலாம் நாளே தடிப்பு வாடிவிட்டது, மருந்தே இல்லாமல். திரும்பி வந்த இரண்டாம் இரவு மறுபடி ஆரம்பம். அந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். சொறியை உண்டாக்கும் சிற்றுயிர் மனிதத் தோலைக் குடைந்து உள்ளேயே முட்டையிடுவது. ஆள் செய்யாறு போனால் அதுவும் கூடவே பஸ் ஏறும். இது வீட்டோடு தங்கிவிட்டது என்றால் இருப்பது உடம்பில் இல்லை, வீட்டில்.

வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்த என் குமாஸ்தாவிடம் அந்த அம்மா ஒரு தாளை நீட்டினார். மகளின் ரஃப் நோட்டில் கிழித்த பக்கம். அதன்மேல் செலோடேப். டேப்புக்கு அடியில் மிளகுத்தூள் போல ஏழெட்டுப் புள்ளி. "ராத்திரி தலைகாணி உறையில நகர்ந்தது சார், அப்படியே ஒட்டி எடுத்தேன்." மூன்று டாக்டர்களும் அதை வாங்கிப் பார்க்கவில்லையாம். குமாஸ்தா மதுராந்தகம் பக்கத்து ஆள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், "இது செள்ளு சார்" என்றார். "கோழி அடைகாத்து எழுந்த கூடையில கைய வெச்சா இப்படித்தான் முழங்கை வரைக்கும் ஊரும். வீட்டுல கோழி வளர்த்தீங்களாம்மா?"

கோழி இல்லை. ஆனால் புறாச் சத்தம் கேட்கும், கட்டில் தலைமாட்டில், சுவருக்குள்ளிருந்து. அந்த இடத்தில் காலண்டர் மாட்டியிருந்தார்கள். குடிபோகும்போதே அங்கே ஆணி இருந்தது. காலி செய்த அன்று காலண்டரைக் கழற்றியபோதுதான் அது சுவர் இல்லை என்று தெரிந்திருக்கிறது. எப்போதோ இருந்த ஜன்னல் ஏசியை எடுத்துவிட்டு, அந்தச் சதுர ஓட்டையை உள்பக்கம் மட்டும் பிளைவுட்டால் மூடி, அதற்கும் சுவரின் வண்ணத்தையே அடித்திருந்தார்கள். வெளிப்பக்கம் திறந்தே கிடந்தது. மாடப்புறாவுக்கு அதைவிட நல்ல வீடு தென்சென்னையில் கிடைக்காது.

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய பழைய நுண்ணோக்கியில் டேப்பை வைத்து எட்டுக் கால்களை எண்ணிக் காட்டினார். பூச்சி இல்லை, சிலந்திக்கும் உண்ணிக்கும் சொந்தம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. புறா இரண்டு முட்டையிட்டு 18 நாள் அடைகாக்கும், குஞ்சுகள் பறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். செள்ளுக்கோ முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஒரு வாரம் போதும். குஞ்சு இருக்கும்வரை கூட்டில் பெருகிக்கொண்டே போகும், குஞ்சு பறந்துவிட்டால் அத்தனையும் பட்டினி. இடுக்கு வழியாகச் சூட்டைத் தேடி வரும். கடிக்கும், ஆனால் நம் ரத்தத்தில் அதற்குக் குடும்பம் நடத்த முடியாது. "தோலுக்கு எத்தனை களிம்பு பூசினாலும் பிரயோஜனமில்ல வக்கீல் சார். கூட்டை எடுத்து, ஓட்டைய அடைக்கணும்."

விஞ்ஞானம் அரை மணி நேரத்தில் முடிந்தது. சட்டம் இரண்டு வருஷம் இழுத்தது.

பிராது தாம்பரம் மாவட்ட முன்சீப் கோர்ட்டில். அப்போது நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு 7.50, ஆக 6,750 ரூபாய். 2017-இல்தான் அது 3 சதவீதமாகக் குறைந்தது. மருத்துவச் செலவையும் மன உளைச்சலையும் சேர்த்துக் கேட்கலாம் என்று ஜூனியர் சொன்னார். நான் சேர்க்கவில்லை. கேட்பது கூடினால் நிரூபிக்க வேண்டியதும் கூடும். பிராதோடு, வீட்டைப் பார்வையிட வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படி ஒரு மனுவும் போட்டேன். "பணம் கேட்கிற வழக்கில் ஆணையர் எதற்கு?" என்றார் முன்சீப். காலி செய்ததற்கு நியாயமான காரணம் இருந்ததா என்பதே பிரச்சினை, காரணம் சுவருக்குள் இருக்கிறது என்றேன்.

அன்று ஒரு பழைய இங்கிலாந்து வழக்கையும் எடுத்துப் போயிருந்தேன். எனக்குப் பெருமைதான். 1843, ஸ்மித் எதிர் மாரபிள். சர் தாமஸ் மாரபிள் என்பவர் பிரைட்டனில் வாரம் எட்டுக் கினி வாடகைக்கு ஒரு வீடு எடுத்தார். மூட்டைப்பூச்சி தாங்காமல் சில நாளில் வெளியேறினார். வீடு குடியிருக்கத் தகுதியானது என்பது சொல்லாமலே உள்ள நிபந்தனை, அது பொய்த்தால் குடியிருப்பவர் போகலாம் என்றார் நீதிபதி பார்க். நான் வாசித்து முடிக்கும்வரை முன்சீப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்த வீடு மேஜை நாற்காலியோட விட்டது இல்லையா? வெறும் வீட்டுக்கு இது பொருந்தாதுன்னு அடுத்த சில மாசத்துலயே அதே பார்க் சொல்லிட்டாரே, ஹார்ட் எதிர் விண்ட்சர்ல?" என்றார். சிட்லபாக்கத்து வீட்டில் ஒரு டியூப் லைட்டும் இரண்டு மின்விசிறியும்தான். உட்கார்ந்துவிட்டேன்.

மிஞ்சியது நம் சொத்துரிமை மாற்றச் சட்டம், 1882. பிரிவு 108 உட்பிரிவு (அ): சொத்தில் முக்கியக் குறை இருந்து, அது உரிமையாளருக்குத் தெரிந்தும், குடிவருபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியாததாகவும் இருந்தால், உரிமையாளர் அதைச் சொல்லியாக வேண்டும். வண்ணம் அடித்த பிளைவுட் சாதாரணக் கவனத்துக்குத் தப்பும், சரி. வீட்டுக்காரருக்குத் தெரியும் என்பதை எப்படிக் காட்டுவது?

எதிர்த்தரப்பு இரண்டு வாய்தா வாங்கியது. ஆணையர் போவதற்குள் வீடு மாறிவிட்டது. கூடு இல்லை, பிளைவுட் இல்லை, ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள். ஆணையராகப் போனது ஓர் இளம் வக்கீலம்மா. அவர் கையில் ஒரு தடிப்பாவது வராதா என்று நான் நாலு நாள் ஆசைப்பட்டதை இப்போது சொல்ல வெட்கமில்லை. ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. சுவரில் இரண்டடிச் சதுரத்துக்கு மட்டும் பூச்சு ஈரமாக இருப்பதையும், பின்பக்கத்து ஜன்னல்களுக்கு அன்றுதான் ஓர் ஆள் புதிதாகப் புறா வலை அடித்துக்கொண்டிருப்பதையும் அறிக்கையில் எழுதினார். அப்போதைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 8 என்று ஒன்று இருந்தது. தகராறுக்குப் பின் கட்சிக்காரர் நடந்துகொள்ளும் விதமும் சாட்சியம்தான். தடயத்தை அழிக்கப் பூசிய சிமெண்ட்டே எனக்குத் தடயமாயிற்று.

அதைவிட, வலைக்காரர். என் குமாஸ்தா அவரைத் தேடிப் பிடித்துவிட்டார். "போன வருஷமே ரேட்டு சொன்னேன் சார், 1,800 ஜாஸ்தின்னு வேணாம்னுட்டாரு." கார்பன் வைத்து எழுதிய எஸ்டிமேட் புத்தகம் அவரிடம் இருந்தது. 2013 ஜூலை. 'பெட்ரூம் ஏசி ஓட்ட – கூடு எடுத்து வலை'. குடிவைத்தது ஆகஸ்டில்.

குறுக்கு விசாரணையில் அந்த அம்மாவிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதெல்லாம் சுத்தத்தைப் பற்றி. கோர்ட்டுத் தமிழுக்கு ஒரு தனி இலக்கணம் உண்டு: "வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாததால்தான் அரிப்பு ஏற்பட்டது என்று சொன்னால் சரியல்ல" என்று சாட்சியே சொன்னதாகத் தட்டச்சாகும். அந்த அம்மா அதோடு விடவில்லை. எதெதை வைத்து வீட்டைத் துடைத்தார் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். பினாயில், டெட்டால், வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், கற்பூரம் கரைத்த தண்ணீர். தட்டச்சர் நிறுத்திவிட்டு முன்சீப்பைப் பார்த்தார். "போதும்மா" என்றார் அவர், கோபமில்லாமல்.

தெரிந்தே மறைத்ததற்குச் சிகாகோவில் ஒரு விடுதி வழக்கு உண்டு. நீதிபதி போஸ்னர் 2003-இல் தீர்ப்புச் சொன்னது. மூட்டைப்பூச்சி என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதே, உண்ணி என்று சொல் என்று ஊழியர்களுக்கு உத்தரவே இருந்தது. கடிபட்ட இருவருக்கும் தலைக்கு 5,000 டாலர் நஷ்டஈடு, அதற்கு மேல் தண்டனையாக 1,86,000 டாலர். நம் முன்சீப் கோர்ட்டில் அந்தக் கனவெல்லாம் கூடாது.

2016-இல் ஒரு சனிக்கிழமை மக்கள் நீதிமன்றத்துக்கு வழக்கை அனுப்பினார்கள். வீட்டுக்காரரை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர், வில்லன் முகமில்லை. அப்பா காலம்தொட்டு மொட்டைமாடியில் புறாவுக்குக் கம்பு போடும் குடும்பம். அமாவாசையன்று இரண்டு படி. "அதுங்க கூட்டைக் கலைச்சா பாவம்னு விட்டுட்டேன்யா" என்றார். 1,800 ரூபாய்க் கதையை அவருக்கு நினைவுபடுத்தினேன். பேசாமல் இருந்தார். 78,000 தருவதாக முடிந்தது. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், ஆக அந்த 6,750-ம் வந்தது. கையெழுத்துப் போட்டபின் வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாடியில கம்பு போடறதையும் நிறுத்தணுமா சார்?" என்று கேட்டார். கம்பு போடுங்கள், படுக்கிற அறைப் பக்கம் கூடு கட்ட விடாதீர்கள் என்றேன்.

மனுப் போட்டு ஆவணங்களைத் திரும்ப வாங்கினேன். டேப் ஒட்டிய தாளை பெஞ்ச் கிளார்க் பாலிதீன் உறைக்குள் போட்டு, கட்டின் கடைசியில் தைத்து வைத்திருந்தார். அந்த அம்மா அதை வாங்க மறுத்துவிட்டார். இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. அதன் பின்பக்கம் வகுப்பில் எழுதிய ஏழாம் வாய்ப்பாடு. ஏழெட்டு 54 என்று எழுதி, மேலே சிவப்பு மையில் சுழித்திருக்கிறது.