எங்கள் குடும்பத்துச் சர்க்கரை

பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்து சேரும் சொத்துக்கள் பல. வாழப்பாடியில் எங்கள் குடும்பத்துக்கு வந்தவை ஒரு கிணறும், அதையொட்டிய பாக்குத் தோப்பும், இரண்டு ஏக்கர் மரவள்ளிக் காடுமாகும். பத்திரத்தில் எழுதப்படாத சொத்து ஒன்றும் உடன் வந்தது. அதுவே சர்க்கரை நோய். என் தந்தையாருக்கு அது 28 வயதில் கண்டது. என் அண்ணனுக்கு 22இல். அண்ணன் மகளுக்கோ 17இல்.

மூவரும் மெலிந்த தேகத்தினர், உழைப்புக்கு அஞ்சாதவர். ஆகவே ஊரார் வேறு காரணம் தேடினர். மரவள்ளிக் கிழங்கைப் பழித்தவர் உண்டு. முன்னோர் பாவம் என்றவரும் உண்டு. அச்சொல் என் அண்ணியைத் தைத்ததுபோல், நாள்தோறும் இருமுறை போட்ட இன்சுலின் ஊசியும் அப்பெண்ணைத் தைத்ததில்லை. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தார் செய்தியறிந்து திரும்பியே வரவில்லை.

பின்னர் சேலத்தில் ஒரு மருத்துவர் எங்கள் வமிசாவளியைத் தாளில் வரைந்து பார்த்தார். தலைமுறை தவறாமல் இளவயதிலேயே நோய் வந்திருப்பதைக் கண்டு, மரபணுச் சோதனைக்கு இரத்தம் அனுப்பச் செய்தார். அப்போதுதான் இத்துறையைப் பற்றி நானும் படித்தேன்.

நம் உடலின் உயிரணுக்கள் ஏறக்குறைய அனைத்திலும் ஒரே மரபணுத் தொகுதியே இருக்கிறது. எனினும் கணையத்தின் பீட்டா உயிரணு இன்சுலினைச் சுரக்கிறது. தோலின் உயிரணு சுரப்பதில்லை. காரணம் என்ன? ஒரே கிணற்று நீர்தான். எந்த மடையைத் திறப்பது, எதை அடைப்பது என்பதை நீர் பாய்ச்சுகிறவர் தீர்மானிக்கிறார். மரபணுக்களுக்கும் அவ்வாறு மடை திறக்கும் புரதங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று எச்.என்.எஃப்.1 ஆல்ஃபா. அதற்குரிய மரபணு பழுதுபட்டால் இளவயதிலேயே ஒருவகை நீரிழிவு தோன்றும் என்பதை, 1996ஆம் ஆண்டில் சிக்காகோவின் கிரேயம் பெல் குழுவினர் வெளியிட்டனர்.

இந்நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. பட்டாணிச் செடிகளை வளர்த்து இத்தகைய கணக்கை 1865இல் எடுத்துரைத்தவர் கிரகோர் மெண்டல் என்னும் அகுஸ்தீன் சபைத் துறவி. அக்கணக்கில் பாவ புண்ணியத்துக்கு இடமில்லை.

தமிழகம் இத்துறையில் பின்தங்கியதன்று. இளவயதில் வரும் இவ்வகை நோய் இந்தியரிடையே காணப்படுவதை மருத்துவர் வி. மோகனும் உடன் உழைத்தோரும் 1985இலேயே எழுதினர். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு மரபியல் ஆய்வாளர் ராதா வெங்கடேசன் இக்குடும்பங்களின் மரபணுக்களை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து வந்திருக்கிறார். அந்நிறுவனத்தாரும் அயல்நாட்டு அறிஞரும் இணைந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயுடைய 152 பேரின் மரபணுக்கள் ஆராயப்பட்டன. மடை திறக்கும் மற்றொரு புரதமான என்.கே.எக்ஸ்.6-1 பழுதாவதும் இந்நோய்க்குக் காரணமாகலாம் என்று அது காட்டியது.

எங்கள் பெண்ணின் சோதனையில் எச்.என்.எஃப்.1 ஆல்ஃபாப் பழுதே தெரிந்தது. இந்தப் பழுதால் பீட்டா உயிரணு சர்க்கரையை உணர்ந்து இன்சுலினை வெளியிடும் வேலை தடைப்படுகிறது. சல்ஃபோனைல்யூரியா என்னும் பழைய, மலிவான மாத்திரையோ அத்தடையைக் கடந்து, உயிரணுவின் மேலுறையிலுள்ள பொட்டாசியம் வாயிலை அடைத்து இன்சுலினை வெளிவரச் செய்கிறது. மருத்துவர் அவளைச் சிறிது சிறிதாக ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றினார். அண்ணனுக்கும் அதுவே பொருந்தியது.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி, நம் நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கும் மேல். அவர்களுள் ஒற்றை மரபணுவால் நோயுற்றோர் மிகச் சிலரே. இன்சுலின் அறவே சுரக்காதவர் தாமாக ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எது எவருக்கு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அண்மையில் மற்றொரு வரன் வந்தது. "மாத்திரைதானே, சொல்ல வேண்டியதில்லை" என்றார் அண்ணன். மகள் உடன்படவில்லை. "எனக்குப் பிறக்கும் குழந்தைக்கும் பாதி வாய்ப்பு உண்டப்பா. அதை அறிந்து என்னை ஏற்பவர் ஏற்கட்டும்" என்றாள். சோதனைத் தாளையும் அவளே அவர்களிடம் காட்டினாள். அவர்கள் யோசித்துச் சொல்வதாகக் கூறிச் சென்றனர்; விடை இன்னும் வரவில்லை.

எவ்விடை வரினும் அவள் செய்தது சரியே என்று கருதுகிறேன். நிலத்தின் வில்லங்கத்தை மறைத்து விற்பவனை நாம் மன்னிப்பதில்லை. வாழ்க்கைத் துணையாக வருபவரிடம் மட்டும் மறைப்பது எங்ஙனம் தகும்? உங்கள் இல்லத்திலும் தலைமுறைதோறும் இளவயதில் மெலிந்தவருக்கு இந்நோய் வருமாயின், பழி சொல்வதை நிறுத்துங்கள். வமிசாவளியை எழுதி மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.