திருநின்றவூர் ஏரி - பெயர்ப்பலகை இல்லாத பறவைகள் சரணாலயம்

பறவைகளைப் பார்க்க வேண்டும் என்றால் சென்னைக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது வேடந்தாங்கல். அதை விட்டால் பழவேற்காடு, பள்ளிக்கரணை. ஆனால் திருவள்ளூர் லோக்கலில் தினமும் கல்லூரிக்குப் போய் வருபவர்களில் எத்தனை பேருக்கு, திருநின்றவூரில் இறங்கினால் நடந்து போகும் தூரத்தில் ஒரு பெரிய ஏரி இருப்பது தெரியும்? சென்ட்ரலில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர் தான். நுழைவுச்சீட்டு கிடையாது. அரசு அறிவித்த சரணாலயமும் கிடையாது. ஆனால் பறவைகள் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வந்து இறங்குவதில்லையே!

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். திருமகள் வந்து நின்ற ஊர் என்பதால் திருநின்றவூர் என்கிறது தலபுராணம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயில் இங்கே தான் இருக்கிறது. பக்கத்திலேயே ஏரியை ஒட்டி ஏரி காத்த ராமர் கோயில். மதுராந்தகத்திலும் இதே பெயரில் ஒரு ராமர் உண்டு. ஏரியைக் காக்க ஒரு தெய்வத்தையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றால், ஏரி போனால் ஊர் போய்விடும் என்பது அந்தக் காலத்து மக்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று தான் அர்த்தம்.

ஏரி எப்படி இருக்கிறது?

ஏரி என்பது தானாக உண்டான பள்ளம் இல்லை. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்கரை போட்டு மழைத் தண்ணீரைத் தேக்குவது தான் ஏரி. பாசனத்துக்குத் தண்ணீர் விட மதகு. நிரம்பிய பிறகு வரும் தண்ணீர் கரையை உடைக்காமல் வெளியே போகக் கலங்கல். சாய்த்து வைத்த தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினால் எப்படி இருக்கும்? அப்படித் தான் இதுவும். கரையை ஒட்டி ஆழம். எதிர்ப்பக்கம் போகப் போக இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு, கடைசியில் வெறும் சேறு.

இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும். எந்தப் பறவையை எங்கே தேடுவது என்பது பாதி தெரிந்த மாதிரி.

கரையில் நடை

காலை ஆறு, ஆறரைக்குள் கரைக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பறவைகளும் ஒதுங்கிவிடும், கண்ணும் கூசும். கரைப் பக்கம் ஆழம் என்பதால் இங்கே நீந்துகிறவையும் மூழ்குகிறவையும் தான் அதிகம். நீர்க்காகம் மூழ்கி மீன் பிடித்துவிட்டு, ஏதாவது மரக்கட்டையில் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி, எதிர்பார்க்காத இடத்தில் எழும். கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளையும் கொண்டது நாமக்கோழி. பெயர் வைத்தவர் நல்ல ரசனைக்காரர்! மதகுப் பக்கம் அசையாமல் நிற்பது மடையான். பெயரிலேயே மடை இருக்கிறது பாருங்கள். பழுப்பு நிறத்தில் மண்ணோடு மண்ணாகத் தெரியும் இது, பறக்கும்போது திடீரென்று வெள்ளை வெளேரென்று ஆகிவிடும்.

பின்பக்கம் சைக்கிளில்

ஏரியின் எதிர்ப்பக்கம் போக நடை போதாது, சைக்கிள் தான் சரி. தனிப் பாதை எதுவும் இல்லை, ஊர்த் தெருக்களையும் மண் சாலைகளையும் பிடித்துத் தான் சுற்ற வேண்டும். சைக்கிளில் சத்தம் இல்லை, வேண்டிய இடத்தில் காலை ஊன்றி நின்று கொள்ளலாம்.

இந்தப் பக்கம் ஆழம் குறைவு. இங்கே காலின் நீளம் தான் கணக்கு. நீண்ட கால் கொண்ட நாரைகள் முழங்கால் தண்ணீரில் நிற்கும். பவளக்கால் உள்ளான் கணுக்கால் தண்ணீரில். சின்ன உள்ளான்கள் சேற்றின் ஓரத்தில் ஓடி ஓடிக் கொத்தும். ஒரே ஏரியில் இத்தனை வகைப் பறவைகள் சண்டையில்லாமல் சாப்பிட முடிவதற்கு இது தான் காரணம். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரி ஜனவரி, பிப்ரவரி என்று வற்ற வற்றப் புதுப்புது சேறு வெளியே வரும், அதோடு புழு பூச்சியும். வட ஆசியாவில் இருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் உள்ளான்களுக்கும் வாத்துகளுக்கும் சரியாக அந்த நேரத்தில் சாப்பாடு தயார்.

பிரச்சனையும் இங்கே தான்

ஆழமில்லாத இந்தப் பக்கம் தான் மழை பொய்த்த வருடங்களில் காய்ந்து தரையாகக் கிடக்கும். காய்ந்து கிடந்தால் பார்ப்பவர்களுக்கு அது ஏரியாகத் தெரியாது, மனையாகத் தான் தெரியும். சென்னையைச் சுற்றி பல ஏரிகளில் வீடுகள் முளைத்தது இப்படித் தான். திருநின்றவூரும் விதிவிலக்கு இல்லை. 2021 நவம்பர் மழையில் ஏரியை ஒட்டிய குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தது.

இதில் வீடு கட்டியவர்களை மட்டும் திட்டுவது சுலபம். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு, கடன் வாங்கி, நகரத்துக்குள் மனை வாங்க முடியாமல் இங்கே வந்தவர்கள் தான் பெரும்பாலும். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் ஏரியில் தண்ணீர் மட்டத்தைக் குறையுங்கள் என்று தான் அவர்கள் கேட்பார்கள். அது நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் மட்டத்தைக் குறைத்தால் முதலில் காய்வது அந்த ஆழமில்லாத பக்கம் தான். உள்ளானுக்கும் நாரைக்கும் வேண்டிய இடமும், ஒரு குடும்பம் ஆசையாகக் கட்டிய வீடும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இனிமேல் ஒரு மனை கூட அங்கே விற்காமல் பார்த்துக்கொள்வது தான் முதல் வேலை.

வேடந்தாங்கலும் திருப்பூரும்

வேடந்தாங்கலும் ஒரு பாசன ஏரி தான். பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று ஊர்மக்கள் முறையிட, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரியும். சட்டம் வருவதற்கு முன்பே அங்கே காவல் இருந்தது!

அது பழைய கதை என்றால், புதுக் கதை திருப்பூரில். சாயப்பட்டறை ஊரின் நடுவே மாட்டிக்கொண்ட நஞ்சராயன் குளத்தில் உள்ளூர் ஆர்வலர்கள் பல வருடங்கள் பறவைகளைப் பார்த்துப் பட்டியல் எழுதினார்கள். 2022-ல் அது தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

எனவே வேடிக்கை பார்க்கப் போவதும் வீண் வேலை இல்லை. ஒரு நோட்டு, ஒரு பைனாகுலர் போதும். தேதி, நேரம், பறவை, எண்ணிக்கை என்று எழுதி ஈபேர்ட் தளத்தில் போடலாம். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, அதில் சேரலாம். "இங்கே வெறும் தரை தான் இருந்தது" என்று நாளைக்கு யாராவது சொன்னால், இல்லை, இந்தத் தேதியில் இத்தனை நாரை நின்றது என்று காட்ட அந்தப் பட்டியல் இருக்கும்.

பூசலார் நாயனார் மனதுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டியது இதே திருநின்றவூரில் தான். பல்லவ மன்னன் காஞ்சியில் கல்லால் கட்டியும், முதலிடம் பூசலார் கோயிலுக்குக் கிடைத்தது என்பது பெரியபுராணக் கதை. கல் இல்லாமல் பூசலார் கட்டினார், பலகை இல்லாமல் இந்த ஏரி இருக்கிறது. ஆனால் மனதில் மட்டும் இருந்தால் ஏரிக்குப் போதாது, கண்ணும் கணக்கும் வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போட்டோவுக்காகக் கல்லெறிந்து பறவைகளைக் கிளப்பாதீர்கள், பிளாஸ்டிக் பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள், கரைப் புதரில் பாம்பு இருக்கும், பார்த்து நடங்கள். டிசம்பரில் இருந்து மார்ச் வரை நல்ல நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லோக்கலில் ஏறி இறங்கிப் பாருங்கள்!