நாலரை அங்குலச் சுவர்

பாகூர் ஏரிப் பாசனத்தில் எங்கள் குடும்பத்துக்கு நாலு காணி நிலம், அதை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு, தோப்பின் முகப்பில் ஒரு ஓட்டு வீடு. அப்பா காலத்துப் பத்திரத்தில் இதெல்லாம் ஹெக்டேர், ஆர், சாந்தியார் என்று பிரெஞ்சுக் கணக்கில் இருக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. குழி, காணி என்று சொன்னால்தான் நிலம் எங்கள் கண்ணுக்குத் தெரியும். தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டில் திரும்பி, பங்காரு வாய்க்காலில் ஓடி ஏரிக்கு வந்து சேர்ந்தால் அந்த வருஷம் சண்டை இல்லை. வராத வருஷம் எல்லாரும் ஒரே போர் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் போர் தண்ணீரில்தான் என் அண்ணன்மார் இருவருக்கும் பேச்சு நின்றது. பெரியண்ணன் கரும்பு போட்டிருந்தார், சின்னண்ணன் நெல். மோட்டார் முறை யாருக்கு எத்தனை மணி நேரம் என்று ஆரம்பித்தது, 2000ஆம் வருஷம் தை மாதம் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. சின்னண்ணன் கொத்தனாரைக் கூட்டிவந்து, மூன்றே நாளில் கூடத்தின் நடுவே செங்கல் சுவர் ஒன்றை எழுப்பிவிட்டார். நாலரை அங்குலக் கனம், எட்டடி உயரம், பூச்சு கிடையாது. ஒரு கூரையின் கீழ் இரண்டு அடுப்பு ஆனது.

அம்மாவுக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. மாதத்தில் முதல் பதினைந்து நாள் பெரியண்ணன் பக்கம் சாப்பாடு, மீதி நாள் சின்னண்ணன் பக்கம். பதினாறாம் தேதி காலையில் தன் பித்தளைச் சொம்பு, வெற்றிலை இடிக்கிற சின்ன உரல், ஒரு பாய் மூன்றையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, சுற்றிக்கொண்டு அடுத்த வாசலில் ஏறுவாள். ஊரே பார்க்கும். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் சுவர் வந்த நாளிலிருந்து கூடத்தில் படுப்பதை மட்டும் விட்டுவிட்டாள். மழையோ பனியோ, பாய் திண்ணையில்தான்.

நான் கடைசிப் பிள்ளை. புதுச்சேரியில் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை, டவுனில் வாடகை வீடு. பிள்ளைகளுக்கு லீவு விட்டால் ஊருக்கு வந்துவிடுவோம், நான் அங்கிருந்தே பஸ்ஸில் ஆபீஸ் போய்வருவேன். எங்களுக்கும் சாப்பாடு முறைதான். பகலில் ஒரு பக்கம் சாப்பிட்டால் ராத்திரி மறுபக்கம். ஒருவர் வீட்டில் ஒரு வேளை கூடிவிட்டால் அடுத்தவர் முகம் சுருங்கும். என் மனைவி அதற்கென்றே மனசுக்குள் ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தாள்.

2001 செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை. காலாண்டு லீவு. இரவு எட்டரை மணி ஆகப்போகிறது. அன்று எங்களுக்குப் பெரியண்ணன் பக்கம் முறை. அண்ணன் மகள் சுவரை ஒட்டிப் போட்டிருந்த தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். மூன்றாம் தடவை குரல் உயர்ந்ததும் அவள் எழுந்து அடுக்களைக்கு வந்தாள்.

முதலில் சத்தம்தான் வந்தது. கரும்பு லாரி பாரத்தோடு வாசலுக்கே வருகிற மாதிரி ஒரு உறுமல். கரும்பு வெட்டுகிற காலம் இல்லையே என்று நினைத்து முடிப்பதற்குள் தரை நடுங்கியது. தட்டில் இருந்த ரசம் ஒரு பக்கமாக வழிந்தது. மேலே ஓடுகள் ஒன்றோடொன்று உரசிச் சலசலவென்று ஓசை எழுப்பின. பனங்கைகள் முனகின. பிறகு விளக்கு அணைந்தது. இருட்டில் ஏதோ பொலபொலவென்று விழுந்தது. எல்லாம் பத்துப் பதினைந்து வினாடிக்குள் முடிந்தது.

அந்த வருஷம் ஜனவரி 26 அன்றுதான் குஜராத்தில் பூஜ் பூகம்பம். அடுக்குமாடிகள் அப்பளம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கிடந்ததை டிவியில் வாரக்கணக்கில் பார்த்திருந்தோம். அதனால் இது என்ன என்று யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் களத்துக்கு ஓடினோம். மறுபக்கக் கதவு வழியாகச் சின்னண்ணன் குடும்பமும் அதே களத்துக்கு வந்தது. இருட்டில் தலைகளை எண்ணினோம். அம்மா இல்லை.

பெரியண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அம்மா ஒன் பக்கமா?"

"இல்லியே. ஒன் பக்கம் இல்லியா?"

ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசி. இருவரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் திரும்ப ஓடினார்கள். அண்ணிமார் இருவரும் கத்தினார்கள். நான் திண்ணைப் பக்கம் ஓடினேன். பாய் விரித்தபடி கிடந்தது, சொம்பு உருண்டு படியில் கிடந்தது, ஆள் இல்லை.

மாட்டுக்கொட்டகையிலிருந்து குரல் வந்தது. "டேய், எவனாவது வெளக்கு கொண்டாங்கடா."

போய்ப் பார்த்தால் அம்மா கட்டுத்தறியில் குனிந்து நின்றுகொண்டிருக்கிறாள். அங்கே ஒரு மாடு நிறை சினை. எட்டு மணி வாக்கில் அதைப் பார்க்கப் போனவள், பூமி ஆடியதும் வெளியே ஓடிவராமல் ஒவ்வொரு மாடாக அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். மாடுகள் மிரண்டு இழுத்ததில் கயிறு இறுகிவிட்டது. கடைசி மாட்டின் முடிச்சு மட்டும் அவளுக்கு அவிழவில்லை. பெரியண்ணன், "மாடா முக்கியம் இப்போ?" என்று சத்தம் போட்டார். அவள் நிமிராமலே, "நீங்க ஓடுவீங்க. கட்டிப்போட்டது எங்கடா ஓடும்?" என்றாள். சின்னண்ணன் அரிவாளைக் கொண்டுவந்து கயிற்றை அறுத்தார்.

அதன்பிறகுதான் டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தோம். கூடத்துச் சுவரின் மேல்பாதி பெரியண்ணன் பக்கமாகச் சரிந்து கிடந்தது. தையல் மெஷின் செங்கலுக்கு அடியில். சக்கரம் வளைந்து, பலகை பிளந்து போயிருந்தது. அண்ணன் மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணி அவளைத் தன் பக்கம் இழுத்து அணைத்தாள். யாரும் எதுவும் பேசவில்லை. சின்னண்ணன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நடுவீட்டுச் சுவர் விழுந்தது என்று நான் எழுதும்போது, கிழவன் கதை கட்டுகிறான் என்று சிலருக்குத் தோன்றலாம். இதில் தெய்வச் செயலும் இல்லை, கதையும் இல்லை. மறுநாள் வந்த வயசான கொத்தனார் ஒருவர் காலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: அந்தச் சுவருக்கு அஸ்திவாரம் கிடையாது, பழைய தரைமேலேயே கட்டியிருக்கிறது. பக்கச் சுவர்களோடு பல் விட்டுச் சேர்க்கவில்லை. மேலே உத்தரத்தையும் தொடவில்லை. நிறுத்திவைத்த சீட்டு மாதிரி நின்றிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டின் கூரையோ மரத் தூண்களின் மேலும் உத்தரத்தின் மேலும் உட்கார்ந்திருந்தது. ஆடியது, ஓடுகள் கொஞ்சம் நழுவின, நின்றுவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு ஊரில் பலர், அந்தக் காலத்து வீடுதான் வீடு என்று பெருமை பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பக்கம் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்ததும் பழங்கால வீடுகளில்தான். கல்லை மண்ணால் அடுக்கிக் கட்டிய தடித்த சுவர்கள், அதன்மேல் பாரமான மண் கூரை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் மொத்தமும் இறங்கிவிட்டது. எங்களுக்கு வந்தது ரிக்டர் கணக்கில் 5.5, அதுவும் கடலுக்குள். பூஜில் 7.7. எண்ணில் பார்த்தால் இரண்டு சொச்சம்தான் வித்தியாசம். சக்தியில் பார்த்தால் ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு. எங்கள் வீடு நின்றதற்கு முதல் காரணம் வந்தது சின்னது என்பதுதான்.

ராத்திரி இரண்டு மணிக்கு இதைவிடப் பெரிசாக வரும் என்று ஒரு வதந்தி கிளம்பியது. யார் கிளப்பினார்களோ. ஊரே தெருவிலும் களத்திலும் படுத்தது. எங்கள் களத்தில் பதினாலு பேர். மறுநாள் காலை அண்ணிமார் இருவரும் வீட்டுக்குள் போய்ச் சமைக்கப் பயந்தார்கள். மூன்று கல்லை வைத்து, தென்னை மட்டையை எரித்து, ஒரே பானையில் உலை வைத்தார்கள். உப்பு பெரிய அண்ணி போட்டாளா சின்ன அண்ணி போட்டாளா என்று தெரியாமல் முதல் நாள் குழம்பில் இரண்டு பேர் உப்பும் விழுந்தது. பிள்ளைகள் அதற்குச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. என் மனைவியின் கணக்கு நோட்டுக்கும் லீவு.

அப்படி நாலு ராத்திரி. ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு அவரவர் வாசல் வழியாக அவரவர் பக்கம் போனோம். அன்று சாயங்காலம் இரண்டு அடுப்பும் தனித்தனியாகப் புகைந்தன.

சுவரை என்ன செய்வது என்ற பேச்சு அடுத்த வாரம் வந்தது. மீதியையும் இடித்துத் தள்ளு என்றார் பெரியண்ணன். இடித்தால் திரும்பவும் தண்ணீர்ச் சண்டை சோற்றுத் தட்டு வரைக்கும் வரும், சுவர் இருக்கட்டும், ஆனால் தன் ஒருத்தர் செலவில் இல்லை என்றார் சின்னண்ணன். என்னைக் கேட்டால் சின்னண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பாவின் பெட்டியில், அவரும் சித்தப்பாவும் பிரித்துக்கொண்டபோது நொத்தேர் எழுதிய பிரெஞ்சுப் பத்திரம் இருந்தது. வீட்டில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான் ஒருவன்தான், அதனால் வாசிக்கச் சொன்னார்கள். அதில் தோப்புக்கும் சித்தப்பா மனைக்கும் நடுவில் இருந்த மதிலை 'முர் மித்துவாயேன்' என்று குறித்திருந்தது. இரண்டு பேருக்கும் பொதுவான சுவர் என்று அர்த்தம். அப்படிப்பட்ட சுவரைப் பழுது பார்த்தாலும் திரும்பக் கட்டினாலும், அதில் உரிமை உள்ளவர்கள் எல்லாரும் அவரவர் பங்குக்கு ஏற்பச் செலவை ஏற்க வேண்டும் என்பது பிரெஞ்சு சிவில் சட்டம். கூடத்துச் சுவருக்கும் அந்தப் பத்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை, அதையும் சொன்னேன். ஆனால் அப்பா கையெழுத்துப் போட்ட காகிதம் என்பதால் இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

"கட்டிக்குங்க. எனக்கு ஒரு ஆள் நொழையற வழி உட்டுக் கட்டுங்க" என்றாள் அம்மா. கதவு வைப்பதா என்று சின்னண்ணன் கேட்டதற்கு, வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

அஸ்திவாரம் தோண்டி, ஒன்பது அங்குலக் கனத்தில், பல் விட்டு, சரியான சுவராகவே கட்டினார்கள். செலவு பாதிப் பாதி. நடுவில் இரண்டடி அகலத்துக்கு ஒரு திறப்பு. அம்மா பாயைத் திரும்பவும் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். பதினாறாம் தேதிகளில் தெருவில் இறங்கவில்லை. மாடுகளுக்கு மட்டும் ஒரு உத்தரவு போட்டாள். இனி எந்தக் கயிறானாலும் ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சுதான் போட வேண்டும். 2003 ஐப்பசியில் இறந்துபோகும் வரை, ராத்திரி படுக்கப் போகும்முன் தானே போய் ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு லீவுக்கு ஊரில்தான் இருந்தோம். காலை ஆறரை மணிக்குக் கட்டில் லேசாக ஆடியது, தொங்கிக்கொண்டிருந்த அரிக்கேன் விளக்கு அசைந்தது. நான் வெளியே வரும்போது பெரியண்ணன் கொட்டகையில் நின்றார். சின்னண்ணன் அந்தக் கோடியிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிஷத்தில் எல்லா மாடும் தோப்பில் நின்றன. பள்ளிக்கூடத்தில் 1755 லிஸ்பன் பூகம்பத்தைப் பற்றிப் பாடம் படித்திருக்கிறோம். பூமி ஆடி ஓய்ந்த பிறகு கடல் வந்தது என்று அதில் இருந்தது. இங்கே ஆட்டம் இவ்வளவு லேசாக இருந்ததால் யாருக்கும் கடல் நினைவே வரவில்லை. மையம் ஆயிரம் மைலுக்கு அப்பால் சுமத்ராவில் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒன்பது மணிக்கு மேல் நரம்பை, மூர்த்திக்குப்பம் பக்கமிருந்து ஆட்கள் ஈரத்துணியோடு மேற்கே ஓடிவந்தார்கள். குழந்தையைத் தேடுகிறவர்கள், பேச்சே வராதவர்கள். களத்தில் உட்காரவைத்தோம். கேட்காமலே இரண்டு அடுப்பிலும் உலை ஏறியது. சின்ன அண்ணி பக்கம் வெந்த சோற்றை அண்டாவோடு பெரியண்ணன் பக்கம் கொண்டுபோகப் பார்த்தோம். அம்மா விடச்சொன்ன வழி ஒரு ஆளுக்குத்தான், அண்டா நுழையவில்லை. அண்ணன்மார் இருவரும் ஆளுக்கொரு பிடியைப் பிடித்து, தெருவைச் சுற்றித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.