மூச்சா, நாடியா?

மயக்க மருத்துவத்தின் வரலாற்றை யார் எழுதினாலும் 1846 அக்டோபர் 16-இல் தொடங்குகிறார்கள். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதரை முகரவைக்க, ஜான் காலின்ஸ் வாரன் ஓர் இளைஞனின் கழுத்துக் கட்டியில் கத்தி வைத்த நாள் அது. பெரிய நாள்தான். ஆனால் இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பதினைந்து மாதம் கழித்து இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிற்றூரில் நேர்ந்த மரணம்.

ஊர் வின்லேட்டன். ஹன்னா கிரீனர் என்ற சிறுமிக்கு வயது 15. கால்விரல் நகம் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. சில மாதங்களுக்கு முன் ஈதர் கொடுத்து இன்னொரு நகத்தை எடுத்தபோது ஒரு குறையும் நேரவில்லை. இம்முறை குளோரோஃபார்ம். எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் அதை அறிமுகப்படுத்தி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 1848 ஜனவரி 28 அன்று, துணியில் ஊற்றிய மருந்தை அவள் முகர்ந்தாள். கத்தி பட்டதும் உடல் உதறியது, உதடுகள் வெளுத்தன. முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், வாயில் பிராந்தி ஊற்றினார்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் எப்படி இறந்தாள் என்பதில் அன்றைய இரு பெரிய மருத்துவர்கள் மோதிக்கொண்டார்கள். மருந்து இதயத்தை நிறுத்திவிட்டது என்றார் ஜான் ஸ்னோ. பின்னாளில் லண்டனின் காலராவுக்குக் குடிநீரே காரணம் என்று காட்டியவர் இவர்தான். இல்லை, மயங்கிக் கிடந்தவளின் வாயில் ஊற்றிய பிராந்திதான் மூச்சை அடைத்தது என்றார் சிம்ப்சன்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பழைய வழக்காகத் தெரியலாம். எங்களுக்கு இதுதான் தொழிலின் அடிப்படைக் கேள்வி. மயக்கத்தில் இருப்பவரிடம் எது முதலில் தவறும்? இதயம் என்றால் விரல் மணிக்கட்டில் இருக்க வேண்டும். மூச்சு என்றால் கண் நெஞ்சில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தவருக்கு உதவ ஒரு கருவியும் கிடையாது. ஒரு கையில் துணி, மறுகையில் சீசா. எதைக் கவனிப்பது என்று அவர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

லண்டன்காரர்கள் நாடியைத் தேர்ந்தார்கள். எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் தம் மாணவர்களுக்கு மூச்சைப் பார்க்கச் சொன்னார். அந்த மாணவர்களில் ஒருவரான எட்வர்ட் லாரி ஹைதராபாத்தின் ரெசிடென்சி மருத்துவராக வந்து, அங்கிருந்த மருத்துவப் பள்ளிக்கும் தலைமை ஏற்றார். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் ஆதரவோடு 1888-இல் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தார். நாய்களுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்து எது முதலில் நிற்கிறது என்று பார்த்தார்கள். மூச்சு நின்ற பிறகுதான் இதயம் நின்றது. லண்டனின் லான்செட் இதழ் இதை ஏற்கவில்லை. நிஜாம் ஆயிரம் பவுன் தந்து, நீங்களே ஓர் ஆளை அனுப்பிச் சோதியுங்கள் என்றார்.

1889-இல் வந்தவர் தாமஸ் லாடர் பிரண்டன். இதயமே முதலில் நிற்கும் என்ற கருத்தோடு வந்தவர் அவர். நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகளில் சோதனை நடந்தது. அந்த எண்ணைப் படிக்கும்போது இன்று மனம் கனக்கிறது. முடிவில் பிரண்டன் தம் கருத்தை மாற்றிக்கொண்டார், லண்டனுக்குத் தந்தியும் அடித்தார். தன் கொள்கை தவறு என்று தானே கண்டறிந்து உடனே ஊரறியச் சொன்ன அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். லாரியின் பள்ளியில் படித்துக் குளோரோஃபார்ம் கொடுப்பதில் தேர்ந்த ரூபாபாய் ஃபர்தூன்ஜியும் இந்தக் கதையில் இருக்கிறார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். எங்கள் துறையில் இன்று இத்தனை பெண்கள் இருக்கிறோம். அவர் பெயரை எங்களில் பலரே கேட்டதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆனால் ஹைதராபாத்தோடு வழக்கு தீரவில்லை. 1911-இல் குட்மன் லீவி என்ற லண்டன் மருத்துவர் பூனைகளிடம் வேறொன்றைக் கண்டார். மயக்கம் ஆழமாக இருக்கும்போது அல்ல, அரைகுறையாக இருக்கும்போது, உடலில் அட்ரீனலின் ஏறினால் இதயம் துடிப்பை விட்டு வெறுமனே நடுங்கி, நொடியில் நின்றுவிடுகிறது. ஆக, மருந்து மிகுந்தால் மூச்சு முதலில் போகும். மருந்து குறைந்த நிலையில் அச்சமோ வலியோ தாக்கினால் இதயம் முதலில் போகும். சரியாக மயங்காத ஒரு சிறுமியின் விரலில் கத்தி பட்டதும் அவள் உதறியதை இப்போது நினைத்துப் பாருங்கள். பிராந்தியைவிட, மூச்சைவிட, அவளுடைய இதயம்தான் முதலில் நின்றிருக்கும் என்றே நான் நம்புகிறேன். ஸ்னோ சரியாகச் சொல்லியிருக்கிறார். லாரியும் தவறாகச் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தவை வேறுவேறு மரணங்கள்.

குளோரோஃபார்ம் போய்விட்டது. லாரி சொன்ன வேலை அப்படியே இருக்கிறது. மருந்து ஏறியதும் நாக்கு பின்னால் சரியும். இடக்கையின் சுண்டுவிரலைத் தாடை எலும்பின் முனையில் கொடுத்து முன்னால் தூக்கிப் பிடித்து, முகமூடியை அழுத்தி, வலக்கையால் காற்றுப் பையை அமுக்குகிறோம். பை கையில் சொல்லும். இறுக்கமா, இளக்கமா, காற்று நுரையீரலுக்குப் போகிறதா, வயிற்றுக்குப் போகிறதா என்பதைத் திரையில் அலைகோடு வருவதற்கு முன்பே உள்ளங்கை அறிந்துவிடும்.

மேசையில் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "ஊசி போட்டுட்டு நீங்க போயிடுவீங்களா டாக்டர்?" 

"எங்கேயும் போக மாட்டேம்மா. நீங்க முழிச்சுப் பேசுற வரைக்கும் உங்க தலைமாட்டுலதான் இருப்பேன்."

அறுப்பவர் வேறொருவர் என்பது எல்லோருக்கும் தெரியும். தூங்கவைத்துவிட்டு நாங்கள் என்ன செய்கிறோம் என்பது தெரியாது. கூடவே இருக்கிறோம். தொழிலே அதுதான்.

அந்தக் கூட இருத்தல் அறுவை அரங்கை விட்டு வெளியே வந்தது 1952-இல், கோபன்ஹேகனில். போலியோ கொள்ளைநோய் நகரத்தைச் சூழ்ந்திருந்தது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத்தசை முடங்கியவர்கள் குவிந்தார்கள். இருந்ததோ ஒரே ஒரு இரும்பு நுரையீரலும், மார்பில் கட்டும் ஆறு கருவிகளும். மூச்சு முடங்கி வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். தலைமை மருத்துவர் லாசன், மயக்க மருத்துவரான பியோர்ன் இப்சனை அழைத்தார்.

இறந்தவர்களின் ரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்திருந்தது. ஏதோ இனந்தெரியாத காரக்கோளாறு என்று மற்றவர்கள் எண்ணினார்கள். நோயாளிகளின் உடல் வியர்த்திருந்ததையும் ரத்த அழுத்தம் ஏறியிருந்ததையும் இப்சன் பார்த்தார். மூச்சு போதாமல் கரியமில வாயு தேங்கினால் உடல் அப்படித்தான் ஆகும். அறுவை மேசையில் தினமும் பார்த்துப் பழகிய அடையாளம் அது. இத்தனை பெரிய புதிருக்கு விடை ஒரு தொழில்காரரின் அன்றாடப் பழக்கத்தில் கிடந்திருக்கிறது.

ஆகஸ்ட் 27 அன்று, மரணத்தின் விளிம்பில் இருந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் போட்டார்கள். அவள் மூச்சுக்குத் திணறி எதிர்த்ததில் பையிலிருந்து காற்று உள்ளே ஏறவில்லை. சுற்றி நின்ற மருத்துவர்கள் நம்பிக்கை இழந்து கலையத் தொடங்கினார்கள். இப்சன் பென்டத்தால் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தார். எதிர்ப்பு அடங்கியது. பையை அமுக்கினார், நெஞ்சு எழுந்தது. அவள் பிழைத்தாள். அதன்பின் மருத்துவ மாணவர்களை அழைத்து முறை வைத்து உட்காரவைத்தார்கள். ஏறக்குறைய 1500 பேர், இரவும் பகலும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில், தலைமாட்டில் உட்கார்ந்து கையால் பையை அமுக்கினார்கள். ஒரே நேரத்தில் எழுபது நோயாளிகள்வரை இப்படி மூச்சு விட்டார்கள். பத்தில் ஒன்பது பேரைக் கொன்ற நிலை மாறி, பெரும்பாலோர் பிழைக்கத் தொடங்கினார்கள். இன்று எந்த மருத்துவமனையிலும் ஐ.சி.யூ. என்று நீங்கள் பார்ப்பதற்கு வேர் அந்த வார்டில்தான் இருக்கிறது.

கண்ணும் கையும் எல்லாவற்றையும் அறியாது என்பதையும் சொல்ல வேண்டும். 1947-இல் அமெரிக்காவில் கோம்ரோவும் பொடேல்யோவும் ஒரு சோதனை செய்தார்கள். நல்ல வெளிச்சத்தில், தேர்ந்த கண்களாலும்கூட, ரத்தத்தின் ஆக்சிஜன் 80 விழுக்காட்டுக்கு அருகில் இறங்கும்வரை நீலம் பாரித்திருப்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உதட்டின் நிறத்தைப் பார்த்துக் காவல் காத்த தலைமுறைகளை நினைத்தால் எனக்கு நடுக்கம் வருகிறது.

விடை ஜப்பானிலிருந்து வந்தது. டாகுவோ அவோயாகி என்ற பொறியாளர், இதயம் இறைக்கும் ரத்தத்தின் அளவைக் காதுமடல் வழியே ஒளி செலுத்தி அளக்க முயன்றார். நாடித்துடிப்பு அந்த அளவீட்டில் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு அலைநீள ஒளியை வைத்து அந்தத் துடிப்பைக் கழித்துவிட்டார். ஆக்சிஜன் குறையும்போது மட்டும் கழித்தல் சரியாக வரவில்லை. தொந்தரவென்று அகற்றப் பார்த்த துடிப்பே தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைத் தாங்கி வருகிறது என்று அப்போது உணர்ந்தார். 1974-இல் அதை அறிவித்தார். நாடியையும் மூச்சின் பலனையும் ஒரே விரல்நுனியில் சேர்த்துக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பிறந்தது இப்படி. கோவிட் காலத்தில் அது வீடுதோறும் வந்தது. அதே கோவிட் பரவிய 2020 ஏப்ரலில் அவோயாகி காலமானார்.

அந்த ஆண்டு டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருப்பின நோயாளிகளிடம், திரையில் எண் நன்றாக இருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவது எண்ணைச் சற்று ஏற்றிக் காட்டுகிறது. நம் ஊரில் அறுவை மேசைக்கு வருபவர்களில் கருத்த தோல்காரர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் எண் 93, 94 என்று நின்றால் நான் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. நாக்கையும் உள்உதட்டையும் பார்க்கிறேன், மூச்சை எண்ணுகிறேன், பையில் கை வைத்துப் பார்க்கிறேன். ஐயம் மிஞ்சினால் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து அனுப்புகிறேன்.